கியர் போட்டதும் எஞ்சின் நிக்குதா? முதல்ல பிரேக்கை மிதிச்சுப் பாருங்க

நியூட்ரல்ல சீரா ஓடுது, ‘டி’க்கு (டிரைவ், முன்னால போற கியர்) தள்ளினதும் நின்னுடுதுன்னு எழுதியிருக்கீங்க. உடனே கியர்பாக்ஸைக் கழட்டிடாதீங்க நண்பரே. கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலக்குற பாகம்) வச்ச பழைய ஆட்டோமேட்டிக் கார்ல கியர் போடும்போது கால் பிரேக்ல இருக்கும் இல்லையா, என் சந்தேகம் அங்கதான். நியூட்ரல்லயே பிரேக்கை அழுத்திப் பிடிங்க. பெடல் பக்கம் ‘உஸ்ஸ்’னு காத்து இழுக்கிற சத்தத்தோட ஆர்பிஎம் இறங்கினா, அனேகமா பிரேக் பூஸ்டர் (எஞ்சின் உறிஞ்சலை வச்சு பிரேக்கை லேசாக்குற பாகம்) உள்ளே இருக்கிற டயாஃப்ரம்ங்கிற ரப்பர் சவ்வு கிழிஞ்சிருக்கு; அது வழியா காத்து புகுந்து எஞ்சினை நிறுத்துது. என் வண்டியில இதேதான். தெரியாம ரெண்டு வாரம் கார்புரேட்டரை நோண்டிக்கிட்டிருந்தேன்.

பிரேக்கை மிதிச்சும் ஆர்பிஎம் அசையலைன்னா, கார்புரேட்டர்ல இருக்கிற ஐடில் மிக்சர் ஸ்க்ரூவை (ஆக்சிலரேட்டரை மிதிக்காம ஓடும்போது போற பெட்ரோல்-காத்து கலவையைச் சரிபண்ற திருகு) சுத்து எண்ணிக்கிட்டே மெதுவா உள்ளே திருப்புங்க. முழுசா மூடியும் எஞ்சின் சட்டை பண்ணலைன்னா ஐடில் ஜெட் (அந்தக் கலவைக்குப் பெட்ரோல் போற சின்ன ஓட்டை) அடைப்பா இருக்கலாம். காத்து அடிங்க, கம்பி விட்டுக் குத்தாதீங்க, ஓட்டை பெரிசாயிடும்.