சந்தேகம் வந்தபிறகும் கோயிலை விட்டுப் போகாமல் எப்படி இருந்தீர்கள்?

கேள்வி கேட்டவர் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "நம்பிக்கை இல்லாமல் பூசைக்குப் போவது வேஷம் போடுவது மாதிரி இருக்கிறது." அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் ஏறக்குறைய இரண்டு வருஷம் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்கு அப்படிப் போனவன்.

எங்கள் ஊர் பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி வாடைக்காற்றில், சித்தப்பா போன வல்லம் கவிழ்ந்தது. போனவர்கள் நாலு பேர். இரண்டு பேர் டீசல் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க மிதந்து, விடிந்ததும் இன்னொரு படகில் கரை வந்தார்கள். ஒருவர் உடல் மறுநாள் ஒதுங்கியது. சித்தப்பா கிடைக்கவே இல்லை.

அன்று ராத்திரி நாலு வீட்டிலும் ஜெபமாலை ஓடியது. ஒரே மாதா, ஒரே ஐம்பத்து மூன்று மணி. அடுத்த ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசித்த பெண், "கடலில் தத்தளித்த எம் சகோதரர்களைக் காப்பாற்றியதற்காக" என்று தொடங்கினாள். கோயில் முழுக்க "ஆண்டவரே, உமக்கு நன்றி" என்றது. எனக்கு வாய் திறக்கவில்லை. அவர்கள் கேட்டார்கள், கிடைத்தது. நாங்கள் கேட்டது எங்கே போனது? இந்தக் கணக்கு அன்று உள்ளே புகுந்ததுதான், பிறகு போகவே இல்லை.

ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஒரு ஜெபக்கூட்டத்தில், பேர் வேண்டாம், "உங்க வீட்டு விசுவாசம் பத்தல தம்பி" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அன்னை தெரசாவுக்கே பல வருஷம் உள்ளே இருட்டாகத்தான் இருந்தது, 2007இல் வெளிவந்த அவருடைய கடிதங்களைப் படி என்றார் ஒரு நண்பர். நல்ல மனசோடுதான் சொன்னார், ஆனால் எனக்கு ஒட்டவில்லை. அவர் புனிதர், நான் மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன்.

"பத்தல" என்ற சொல்லுக்கு மட்டும் பதில் கிடைத்தது, அதுவும் எங்கள் வீட்டு வாசலிலேயே. அம்மா ஓரியூர் போய்விட்டு வந்து, வழக்கம்போல அங்கிருந்து ஒரு பொட்டலம் செம்மண் கொண்டு வந்து நிலைப்படியில் தூவினார். போர்த்துகலிலிருந்து மறைபரப்ப வந்த சாமி, புனித அருளானந்தர், 1693 பிப்ரவரி 4இல் தலை வெட்டுப்பட்ட இடத்து மண். அவரும்தானே ஜெபித்திருப்பார்? அவர் விசுவாசம் பத்தவில்லை என்று எங்கள் ஊரில் யாராவது சொல்வார்களா? லூக்கா 13இலும் இதே விஷயம் வருகிறது. சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்துப்போகிறார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார். பிறகு ஏன் விழுந்தது என்று மட்டும் சொல்லவில்லை. ரொம்ப நாள் அந்த இடத்திலேயே நின்று முறைத்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் வெளியே கொண்டு வந்தது எங்கள் அன்பியம். தெரியாதவர்களுக்காக: ஒரு கோயிலைச் சேர்ந்த குடும்பங்களை, அதாவது பங்கை, இருபது, முப்பது வீடு கொண்ட குழுக்களாகப் பிரித்து, அந்த வீட்டுக்காரர்கள் முறைவைத்து ஒவ்வொரு வீடாகக் கூடி, நற்செய்தி வாசித்து, பேசி, ஜெபிப்பது. எங்கள் பக்கத்தில் பாய், ஒரு மெழுகுவர்த்தி, கடைசியில் சுக்குக்காப்பி. அந்த வாரம் வாசகம் யோவான் 20, இயேசு உயிர்த்ததைக் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற சீடர் தோமா. சுற்றி வந்து என் முறை வந்தபோது, எதையாவது சொல்லித் தப்பிக்கத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு. "எனக்கு நம்பிக்கை இல்ல. சித்தப்பா போனதுல இருந்து இல்ல. சும்மா வந்து உக்காந்திருக்கேன்."

யாரும் பேசவில்லை. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே ஒரு பெரியம்மா. மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர். அன்றைக்கும் கடலிலிருந்து நேராக வந்திருந்தார். பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும்போது கை கிழியாமல் இருக்க விரல் விரலாகப் பழைய சேலைத்துணி சுற்றியிருப்பார்கள். அதை ஒவ்வொன்றாக அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டே பேசினார். விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருந்தது.

"நான் தனுஷ்கோடிக்காரி. அறுபத்து நாலு புயல்ல எனக்கு எட்டு வயசு. அன்னைக்கி ராத்திரி அங்க கும்பிடாதவங்க யாரு இருந்தா? கோயிலுக்கே கூரை இல்லாமப் போச்சு. ஏன்னு எனக்கு இன்னும் தெரியாது. நீ நன்றி சொல்லாட்டி போவுது தம்பி, உனக்கும் சேத்து நான் சொல்லிக்கிறேன். நீ வந்து உக்காரு, அது போதும்."

அவ்வளவுதான். விளக்கம் எதுவும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் எனக்கு வேஷம் போட வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த வாசகத்தை மறுபடி எடுத்தேன். தோமா என்றதும் எல்லோரும் காயத்தில் விரல் விடுவதைத்தான் பேசுகிறோம். எனக்குப் பட்டது வேறு. "நான் நம்பமாட்டேன்" என்று அவர் சொன்னதற்கும் ஆண்டவர் வந்து நிற்பதற்கும் நடுவில் எட்டு நாள். அந்த எட்டாம் நாள் கதவு சாத்திய வீட்டுக்குள் மற்றவர்களோடு தோமாவும் இருக்கிறார். நம்புகிற பத்துப் பேர், நம்பாத ஒருவர், ஒரே வீடு. அவர்களும் துரத்தவில்லை, அவரும் எழுந்து போகவில்லை. மாற்கு 2இல் திமிர்வாதக்காரனை நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்குகிறார்களே, அங்கேயும் இயேசு பார்த்தது "அவர்களுடைய" நம்பிக்கையை. படுத்திருந்தவன் என்ன நினைத்தான் என்று ஒரு வார்த்தை இல்லை.

பங்குச்சாமியிடம் இதைச் சொன்னபோது அவர் சொன்ன ஒரு தகவல் எனக்குப் பிடித்தது. 325இல் நிசேயாவில் ஆயர்கள் கூடி எழுதிய விசுவாச அறிக்கை "நம்புகிறோம்" என்று பன்மையில்தான் தொடங்கியதாம், பூசையில் பிறகு "நம்புகிறேன்" ஆனது. கூடவே திருப்பாடல் 88ஐ வாசிக்கச் சொன்னார். கடைசி வரி வரைக்கும் இருட்டு, முடிவில் ஒரு அல்லேலூயாகூடக் கிடையாது. "இதை எடுத்துப்போடாம வச்சிருக்காங்கல்ல, அப்ப உனக்கும் இங்க இடம் உண்டு" என்றார்.

எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. கரைக்கு வந்த இரண்டு பேரில் ஒருவர் எங்கள் அன்பியம்தான். என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். நன்றி கெட்டவர் என்று நினைத்திருந்தேன். நான் அப்படிப் பேசிய பத்து நாள் கழித்து, வலை கட்டுகிற இடத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் ஊசி, கண் வலையிலேயே.

"கேன்ல மூணாவது ஆளுக்கு எடம் இல்லடா. உங்க சித்தப்பாதான் கைய விட்டாரு. அன்னைக்கி எனக்காக நன்றி சொன்னாங்கல்ல, நான் கோயிலுக்கு வெளிய நின்னேன். அதுக்கப்புறம் என்னால ஒரு அருள் நிறைந்த மரியே முழுசாச் சொல்ல முடியல."

கிடைத்தவர் என்று நான் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேனோ அவர் என்னைவிடத் தூரத்தில் நின்றிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே கோயிலில், இரண்டு மூலையில், ஒருவருக்கும் தெரியாமல்.

அந்த வருஷத் திதிப் பூசைக்கு மன்றாட்டை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதினோம். "கரைக்கு வந்தவர்களுக்காகவும், வராதவர்களுக்காகவும், ஏன் என்று கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காகவும்." சாமி ஒரு எழுத்தை மாற்றவில்லை.

ஆகவே, கேட்டவருக்கு: சந்தேகத்தை மேடையில் ஏறிச் சொல்ல வேண்டாம். ஆனால் ஒரு பாயில் சுற்றி உட்காருகிற பத்துப் பேரிடம் சொல்லிப் பாருங்கள். "பத்தல" என்று அடிக்கிற கூட்டமாக இருந்தால் அந்தக் கூட்டத்தை மாற்றுங்கள், அதற்காக எல்லோரையும் விட்டுவிடாதீர்கள். ஏதாவது ஒரு வேலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு வருஷம் ஜெபிக்கவில்லை, ஆனால் அன்பியத்துக்குப் பாய் விரித்தது நான்தான்.

சந்தேகம் தீர்ந்ததா என்றால், முழுசாக இல்லை. விசுவாச அறிக்கையில் "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்" என்ற வரி வரும்போது இன்றைக்கும் தொண்டை நின்றுவிடும். உடலே கிடைக்காதவர் வீட்டில் அது லேசான வரி இல்லை. சில ஞாயிறு சொல்லிவிடுவேன், சில ஞாயிறு முடியாது. முடியாத அன்றைக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அந்த அண்ணன் சொல்வது காதில் விழும். அந்தப் பக்கம் பெண்கள் வரிசையிலிருந்து பெரியம்மாவின் குரலும் வரும், எப்போதும் எல்லோருக்கும் அரை வார்த்தை பிந்தி.