“கோழிக்குஞ்சுக்கா இந்த அழுகை?”

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் நிற்கிறார். முட்டை விற்றுக் கைச்செலவுக்கு ஆகுமென்று ஜனவரியில் 24 குஞ்சுகள் வாங்கினேன். வந்து மூன்று நாளுக்குள் மூன்று செத்தன. வயிறு உப்பி, தொப்புள் ஈரமாக நாற்றம் அடித்தது. அடுத்த வாரம் ஒரு ராத்திரி மழையில் கரண்ட் போய்விட்டது. மலைக்குப் போய் வந்த களைப்பில் நான் தூங்கிவிட்டேன். விடிய எழுந்து பார்த்தால் பெட்டி மூலையில் ஏழு குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. நானே கொன்றுவிட்டதுபோல் இருக்கிறது, சோறு இறங்கவில்லை. “கோழிக்குஞ்சுக்கா இந்த அழுகை, நாளைக்கு அறுத்துத் திங்கிறதுதானே” என்கிறார் மாமியார். ஐந்து வயது மகனிடம் குஞ்சுகள் தூங்குவதாகச் சொல்லிவைத்திருக்கிறேன். மிச்சம் 14 இருக்கின்றன. அவற்றை யாருக்காவது கொடுத்துவிடட்டுமா?

பதில்: தங்கச்சி, “உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்” என்று எழுதி முடித்துவிடலாம். நீங்கள் நம்பமாட்டீர்கள். அந்த ஏழு குஞ்சையும் கையால் எடுத்துப் போட்டவர் நீங்கள். அதனால் செத்த பத்தையும் ஒரே கணக்கில் போடாமல் பிரித்துப் பார்ப்போம்.

முதல் மூன்றுக்கும் நீங்கள் பொறுப்பில்லை. உப்பிய வயிறும் ஈரத் தொப்புளும் நாற்றமும் குஞ்சு பொரிக்கும் இடத்திலேயே தொற்றிய கிருமியின் அடையாளம். முட்டைக்குள் இருந்த மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் போய், அதுதான் முதல் இரண்டு மூன்று நாளைக்கு உணவாகும். தொப்புள் சரியாக மூடுவதற்குள் கிருமி புகுந்தால் அந்தக் கரு உள்ளேயே கெட்டுப்போகும். அப்படிப்பட்ட குஞ்சு பெரும்பாலும் பிழைக்காது. பெட்டி உங்கள் காம்பராவுக்கு வரும்போதே அவற்றின் கதை பாதி முடிந்திருந்தது. அந்த மூன்றுக்காக அழுங்கள், ஆனால் குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டாம்.

அந்த ஏழின் கதை வேறு. முதல் வாரத்தில் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று பாகை போலக் குறைத்து வரலாம். மேலே சரியாக இறகு முளைக்கும்வரை அதற்குத் தன் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது. நம் மலையில் ஜனவரி ராத்திரி சில இடங்களில் 10 பாகைக்கும் கீழே போகும். சூட்டுக்குப் போட்ட பல்பு அணைந்ததும் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடி ஒன்றை ஒன்று ஏறி நெருக்கும். அடியில் அகப்பட்டவை மூச்சு முட்டித்தான் சாகும். விழித்திருந்தால் சிலதையாவது காப்பாற்றியிருக்கலாம் என்பது உண்மை. நாள் முழுக்க மலையில் கொழுந்துக் கூடையோடு நின்றுவிட்டு வந்தவர் ராத்திரி தூங்கினார் என்பதும் உண்மை. இதைக் கொலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல்பு ஒன்று போதும் என்று விற்றவர் சொல்லியிருந்தால், அது கீழ்நாட்டுக்குச் சரிவரும் பேச்சு.

மாமியாரின் கேள்விக்கும் வருவோம். அறுத்துச் சாப்பிடுகிறவர்கள் அழக்கூடாது என்று யார் சொன்னது? குஞ்சைக் கையில் ஏந்தித் தண்ணீரில் அலகைத் தொட்டுக் குடிக்கப் பழக்கியவருக்கு அது செத்தால் வலிக்கும். பழைய ஆட்கள் இப்படிப் பேசுவதை எல்லா நேரமும் கல்நெஞ்சு என்று எடுக்கவேண்டாம். பருந்துக்கும் கீரிக்கும் கழிச்சலுக்கும் எத்தனையோ குஞ்சுகளைக் கொடுத்துவிட்டு, அழுதால் கட்டாது என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள். கேட்டுப் பாருங்கள், கரண்டே இல்லாத காலத்தில் லயத்து வரிசை வீடுகளில் குஞ்சுகளை எப்படிக் காப்பாற்றினார்கள் என்று. உங்களுக்குப் பிரயோசனமான பதில் கிடைக்கலாம், அவருக்கும் பேச ஒரு வழி கிடைக்கும்.

மகனிடம் மட்டும் இன்றைக்கே திருத்திச் சொல்லுங்கள். தூங்குகிறது என்று சொன்ன குஞ்சு எழும்பவே இல்லை என்றால், ராத்திரி படுக்கப் போகவே பிள்ளை பயப்படும். “குளிர் தாங்காமல் செத்துப்போச்சு, இனி வராது” என்பது ஐந்து வயதுக்கு விளங்கும். திரும்பத் திரும்பக் கேட்பான், அதே பதிலைச் சொல்லுங்கள். பூப் போடவேண்டும் என்றால் போடட்டும். புதைத்த இடம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேல்பக்கமாக இல்லாமலும், நாய் கிளறாத ஆழத்திலும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் 14ஐயும் கொடுக்கவேண்டாம். அந்த ராத்திரியையும் தாண்டிய குஞ்சுகள் அவை. முதலில் பெட்டியின் மூலைகளை இல்லாமல் செய்யுங்கள். காட்போட் மட்டையை வட்டமாக வளைத்து உள்ளே நிறுத்தினால் போதும், நெருக்கிச் சாக மூலை இராது. அடியில் காய்ந்த மரத்தூள் போடுங்கள். வெறும் பேப்பரில் கால் வழுக்கிப் பிளந்துபோகும். சூடு சரியா என்பதைக் குஞ்சே சொல்லும்: பல்புக்கு அடியில் கும்பலாகக் கத்தினால் குளிர், ஓரத்துக்கு விலகி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், பரவலாகப் படுத்து மெல்லக் கீச்சிட்டால் சரி.

கரண்ட் போகும் ராத்திரிக்கு இரண்டு போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, பழைய துணியில் சுற்றி நடுவில் வையுங்கள். பெட்டியைச் சாக்கால் முக்கால்வாசி மூடுங்கள், காற்றுக்கு வழி இருக்கட்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதடவை போனில் அலாரம் வைத்துத் தண்ணீரை மாற்றுங்கள். இந்தத் தடவைகளில் ஒன்றை மாமியார் பார்த்துக்கொண்டால் நீங்கள் கொஞ்சம் தூங்கலாம். கதவைச் சாத்திவிட்டுக் கரிச்சட்டி மட்டும் வைத்துவிடாதீர்கள். அதிலிருந்து வரும் நச்சு வாயு குஞ்சை மட்டுமல்ல, உங்களையும் பிள்ளையையும் கொன்றுவிடும்.

இனிமேல் ஒரு குஞ்சு காரணம் தெரியாமல் செத்தால், உடலைப் பொலித்தீன் பையில் கட்டி, ஐஸோடு வைத்து, அன்றைக்கே உங்கள் பகுதிக் கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். உறைய விடவேண்டாம், உறைந்தால் அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்வது கஷ்டம். தேவைப்பட்டால் அவர்கள் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். ராணிக்கெட் என்ற கோழிக் கொள்ளைநோய்க்குத் தடுப்பு மருந்து போடவேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் மறுநாளுக்குத் தள்ளிப்போடவே கூடாது. அது ஈர மரத்தூளில் பெருகும் நோய், வைத்தியர் தரும் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்து நேரத்தோடு பிடித்துக்கொண்டால் பெரும்பாலானவை தேறும்.

வீட்டுக்காரரிடம் போனில் எத்தனை செத்தது என்று மட்டும் சொல்லாமல், அந்தக் காலை எப்படி இருந்தது என்றும் சொல்லுங்கள். தூரத்தில் இருப்பவருக்கு எண்ணிக்கை மட்டும் சொன்னால், “போனால் போகுது, வேற வாங்கலாம்” என்றுதான் பதில் வரும்.

புதுக் குஞ்சு வாங்குவதை மார்ச் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். வாங்கினாலும் பழசோடு கலக்காமல் தனிப் பெட்டியில் வையுங்கள். அதற்குள் பக்கத்து லயத்தில் யாரிடமாவது அடைக்கோழி இருந்தால், பத்துப் பன்னிரண்டு முட்டையை அதற்கு வைத்துப் பாருங்கள். 21 நாளில் பொரிக்கும், அதற்கு எந்தக் கரண்டும் வேண்டாம்.