கணினியில் புளூ-ரே: கேள்வியும் பதிலும்

வீட்டுக் கணினியில் புளூ-ரே படம் பார்க்க முயன்று பாதியில் நின்றவர்களின் கேள்விகள் இவை. பதினைந்து ஆண்டுகளாக இதே வேலையில் கைசுட்டுக்கொண்டவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

என் கணினியில் டிவிடி டிரைவ் இருக்கிறது. புளூ-ரே டிஸ்க்கைப் போட்டால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. டிரைவ் பழுதா, ஐயா?

பழுதில்லை. டிவிடியை வாசிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். புளூ-ரேக்கு வேண்டியது 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர். ஒளிப்புள்ளி சிறிதாக இருப்பதால்தான் அதே 12 செ.மீ. தட்டில் டிவிடி 4.7 ஜிபி கொள்ளும்போது, புளூ-ரே ஓர் அடுக்கில் 25 ஜிபி கொள்கிறது. எந்த மென்பொருளாலும் லேசரின் நிறத்தை மாற்ற முடியாது. புளூ-ரே டிரைவ்தான் வாங்க வேண்டும்.

புளூ-ரே டிரைவ் வாங்கிவிட்டேன். டிஸ்க்கில் உள்ள கோப்புகள் தெரிகின்றன. ஆனால் விஎல்சியில் படம் ஓடவில்லை. கணினியின் வேகம் போதவில்லையா?

பெரும்பாலானவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். தேவையில்லாமல் கணினியையும் மாற்றுகிறார்கள். உங்கள் கணினி மேல் குற்றமில்லை. பிடிஎம்வி என்ற கோப்புறைக்குள் ஸ்ட்ரீம் என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் பல ஜிபி அளவுள்ள ஒரு கோப்பு தெரியும். அதுதான் படம். பெயர் தெரியும், அளவு தெரியும், உள்ளே இருப்பது மட்டும் பூட்டப்பட்டிருக்கும். ஏஏசிஎஸ் என்பது அந்தப் பூட்டின் பெயர். உரிமம் பெற்ற மென்பொருளிடம்தான் அதன் சாவி இருக்கும். விஎல்சி அருமையான மென்பொருள், ஆனால் அந்தச் சாவி அதனுடன் வருவதில்லை. விண்டோஸிலும் புளூ-ரே படம் ஓட்டும் வசதி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பவர்டிவிடி போன்ற ஒன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். டிரைவின் விலையைப் பார்த்துவிட்டு இந்தச் செலவை மறந்துவிடுகிறோம். கடைக்காரர்கள் இதை முதலிலேயே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் டிரைவ் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கேம்கோடரில் எடுத்த கல்யாண வீடியோவைப் புளூ-ரேயில் எழுதி வைத்திருப்பவர் யாராவது இருந்தால், அந்த டிஸ்க்கை வாங்கிப் போட்டுப் பாருங்கள். அதில் பூட்டு இருக்காது, விஎல்சியிலேயே ஓடும்.

போன வருடம் ஓடிய மென்பொருள், புதிதாக வாங்கிய ஒரு டிஸ்க்கைப் போட்டதும் நின்றுவிட்டது. இப்போது பழைய டிஸ்க்குகளும் ஓடவில்லை!

நம்ப முடியாததாகத் தோன்றும், ஆனால் இது நடக்கக்கூடியதுதான். செல்லாது என்று அறிவிக்கப்பட்ட மென்பொருள்களின் பட்டியலையும் புதிய டிஸ்க் சுமந்து வருகிறது. டிரைவ் அதைப் படித்துத் தன் நினைவில் பதிந்துகொள்கிறது. உங்கள் மென்பொருளின் பழைய சான்றிதழ் அந்தப் பட்டியலில் இருந்தால், அதன்பின் எந்த டிஸ்க்கைப் போட்டாலும் டிரைவ் அதற்கு வழிவிடாது. மென்பொருளைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். டிரைவுடன் இலவசமாக வந்த பழைய பதிப்பு என்றால் புதுப்பிப்பு கிடைக்காமல் போகலாம். காசு கொடுத்து டிஸ்க் வாங்கியவரை இப்படி அலைக்கழிப்பது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.

4கே புளூ-ரேயையும் கணினியில் பார்க்கலாமா?

முறையான வழியில் பார்ப்பது மிகக் கடினம். அதற்கு இன்டெல் பிராசஸரில் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். 7ஆம் தலைமுறையிலிருந்து 10ஆம் தலைமுறை வரையிலான சில்லுகளில்தான் இந்த வழி திறந்திருந்தது. அதற்குப்பின் வந்தவற்றில் இன்டெல் அதை எடுத்துவிட்டது. ஆகப் புதிய கணினி வாங்கியவருக்கு இந்தக் கதவு அடைபட்டுவிட்டது. 4கே டிஸ்க் வைத்திருப்பவர்கள் டிவியோடு இணைக்கும் தனி பிளேயரை வாங்குங்கள்.

சிங்கப்பூரில் வாங்கிய டிஸ்க் சென்னையில் ஓடுமா?

புளூ-ரே படங்களுக்காக உலகத்தை ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சிங்கப்பூர் ஏ மண்டலம். இந்தியாவும் இலங்கையும் சி. லண்டன் பி. மண்டலம் பூட்டப்பட்ட டிஸ்க் என்றால் மென்பொருளில் மண்டலத்தை மாற்ற வேண்டும். பொதுவாக ஐந்து முறைதான் மாற்ற முடியும், எண்ணி மாற்றுங்கள். பின்னட்டையில் மூன்று எழுத்துகளும் இருந்தால் கவலையில்லை. 4கே டிஸ்க்குகளுக்கு மண்டலமே கிடையாது.

லேப்டாப்பில் வெளி டிரைவை மாட்டினால் டிஸ்க் சுழன்றுவிட்டு நின்றுவிடுகிறது.

எனக்கும் இதே தொல்லை இருந்தது. டிஸ்க் வேகமெடுக்கும், ‘டிக்’ என்று ஒரு சத்தம், உடனே டிரைவ் திரையிலிருந்து காணாமல் போகும். இரண்டு வாரம் டிஸ்க்கைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பிறகுதான் பெட்டியின் அடியில் கிடந்த இரட்டைத் தலைக் கேபிள் கண்ணில் பட்டது. பழைய யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும். சுழல ஆரம்பிக்கும் நேரத்தில் மோட்டாருக்கு அது போதாது. இரண்டாவது தலையையும் செருகினேன், அன்றிரவே முழுப்படம் பார்த்தேன்.

எல்லாம் ஓடுகிறது. ஆனால் கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் படம் தத்தித் தத்திப் போகிறது.

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நல்ல கண்! சினிமா நொடிக்கு 24 பிரேம். உங்கள் திரை 60 முறை புதுப்பிக்கிறது. 60ஐ 24 ஆல் மீதமின்றி வகுக்க முடியாது. அதனால் ஒரு பிரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்படுகிறது. இறுதியில் பெயர்கள் மேலே ஏறும்போது கூர்ந்து பாருங்கள், எழுத்துகள் நடுங்குவது தெரியும். விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் 24 ஹெர்ட்ஸ் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் 72 அல்லது 120. அதன்பின் அதே பெயர்களை மறுபடியும் ஓடவிட்டுப் பாருங்கள்.

டிஸ்க்கை எப்படித் துடைப்பது?

மென்மையான துணியால், நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைக்க வேண்டாம். தரவின் மேல் இருக்கும் பாதுகாப்புப் படலம் 0.1 மில்லிமீட்டர்தான்.