மீன்கள் நலம், இறாலும் நத்தையும் மட்டும் ஏன் சாகின்றன?

கடல்நீர்த் தொட்டியில் மீன்கள் நன்றாக நீந்துகின்றன, புதிதாக விட்ட இறாலும் நத்தையும் மட்டும் இரண்டே நாளில் போய்விடுகின்றன என்றால் நான் முதலில் கேட்பது, அந்தத் தொட்டியில் எப்போதாவது மீன்களின் வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து ஊற்றினீர்களா என்பதுதான். மீனுக்கு அந்த மருந்தை லிட்டருக்கு 0.15 முதல் 0.25 மில்லிகிராம் அளவில் வைப்பார்கள். மீன் தாங்கும், இறால் அதைவிடக் குறைந்த அளவிலேயே செத்துவிடும். அதோடு பவளக்கல்லும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல மெல்ல நீரில் விடும், அதனால் பழைய தொட்டி வாங்கியவர்கள் விற்றவரிடம் இதைக் கேட்டே ஆகவேண்டும். செம்புச் சோதனைக் கிட் வாங்கிப் பாருங்கள். குழாய்த் தண்ணீரிலும் செம்பு வரலாம், ஆர்ஓ நீரில் உப்பைக் கலப்பதே நல்லது.

செம்பு இல்லையா, சரி, அப்புறம் உப்பளவு. கடையின் பை நீருக்கும் உங்கள் நீருக்கும் வித்தியாசம் இருந்தால் இறாலின் உடல் சட்டென்று ஈடுகொடுக்காது. இறாலைப் பை நீரோடு ஒரு பாத்திரத்தில் வைத்து, மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாக ஒன்றிரண்டு மணி நேரம் தொட்டி நீரை அதில் இறக்கிய பிறகு தொட்டியில் விடுங்கள். உப்பளவு பார்க்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் தொட்டி நீரின் ஒப்படர்த்தி 1.025 காட்டவேண்டும்.

இன்னொன்று, கண்ணாடிபோல் வெறுமையாகக் கிடப்பது பிணமல்ல, இறால் உரித்த சட்டை. கல்லிடுக்கில் தேடுங்கள், ஆள் உள்ளே ஒளிந்திருக்கும்.