கொசுவை விடலாமா, வேண்டாமா? செய்தியையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் பேச வைப்பது

கரூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வீட்டு மாடியில் சனி, ஞாயிறு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். மேல்நிலை பேட்சில் ஒன்பது பேர். ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருப்பவர்கள் மூன்று பேர், நர்ஸ்கள் இரண்டு பேர், மீதி இன்ஜினீயரிங் கடைசி வருடம். ஆபீஸ் பேச்சு, போன் பேச்சு எல்லாம் சரளமாக வருகிறது. ஆனால் 'இன்றைக்கு பருவநிலை மாற்றம் பற்றிப் பேசுவோம்' என்றால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. 'இட் இஸ் வெரி டேஞ்சரஸ், வீ மஸ்ட் க்ரியேட் அவேர்னஸ்' என்று எல்லோரும் ஒரே வரியைச் சொல்கிறார்கள். இரண்டு பையன்கள்தான் பேசுகிறார்கள். ஒரு நர்ஸ் மூன்று மாதமாக வாயே திறக்கவில்லை. ஆங்கிலப் பேப்பர் தலையங்கம் படிக்கச் சொல்லிப் பார்த்தேன், பலனில்லை. என்ன செய்யலாம்?"

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். அடுத்த வகுப்பில் அதே பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஐந்து நிமிடம் தமிழில் பேசச் சொல்லுங்கள். என் அனுபவத்தில், தமிழிலும் இரண்டாவது நிமிடத்திலேயே 'விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்' வந்துவிடும். அது பத்தாம் வகுப்புக் கட்டுரையின் முடிவுரை. அதைச் சொல்லிவிட்டால் உட்கார்ந்துவிடலாம் என்று பள்ளியிலேயே பழகிவிட்டோம். ஆக, உங்கள் மாணவர்களிடம் ஆங்கிலம் இருக்கிறது; பேச ஒன்றும் இல்லை. பருவநிலை மாற்றம் கெட்டது என்பதில் ஒன்பது பேருக்கும் ஒரே கருத்து. ஒரே கருத்து உள்ளவர்கள் எதைப் பேசுவார்கள், பாவம்?

அதனால் வகுப்புக்கு ஒரு தலைப்பைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு முடிவைக் கொண்டுபோங்கள். யாரோ ஒருவர் ஆம் அல்லது இல்லை என்று சொல்லியே ஆக வேண்டிய, இரண்டு பக்கமும் நியாயம் உள்ள முடிவாக அது இருக்க வேண்டும். நான் அடிக்கடி எடுக்கும் ஒன்றை விரிவாகச் சொல்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

டெங்கு. உங்கள் மாணவர்களில் பாதிப் பேருக்காவது வீட்டில் யாருக்காவது வந்திருக்கும். தட்டணு எண்ணிக்கை, நிலவேம்புக் கஷாயம், பப்பாளி இலைச் சாறு என்று கதைகள் தயாராக இருக்கும். அதில் பத்து நிமிடம் போகட்டும், தடுக்காதீர்கள். அப்புறம் போர்டில் ஒரு வரி எழுதுங்கள்: டெங்குவைத் தடுக்க, ஆய்வகத்தில் வளர்த்த கொசுக்களை அடுத்த மாதம் நம் வார்டில் திறந்துவிடப் போகிறார்கள், நாம் சம்மதிக்கலாமா?

எல்லோரும் சிரிப்பார்கள். கொசுவை ஒழிக்கக் கொசுவையே விடுவதா? ஆனால் இது கற்பனையான விஷயம் இல்லை. வோல்பாகியா என்ற பாக்டீரியா உலகத்துப் பூச்சி இனங்களில் ஏறக்குறைய பாதியில் இயல்பாகவே இருக்கிறது. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவில் அது இயற்கையாக இல்லை. அதைக் கொசுவுக்குள் செலுத்திவிட்டால் டெங்கு வைரஸ் அதன் உடம்பில் சரியாகப் பெருக முடிவதில்லை. வோல்பாகியா உள்ள ஆண் கொசு, இல்லாத பெண் கொசுவோடு சேர்ந்தால் முட்டை பொரிப்பதில்லை. வோல்பாகியா உள்ள பெண்ணின் முட்டைகளோ பொரிக்கும், பாக்டீரியாவும் குஞ்சுகளுக்குப் போகும். இப்படித் தலைமுறைக்குத் தலைமுறை அந்தக் கூட்டமே மாறிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் பகுதியில் 2011இல் முதன்முதலாக இப்படி வெளியே விட்டார்கள். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரத்தை 24 பகுதிகளாகப் பிரித்து, 12இல் மட்டும் கொசுக்களை விட்டுப் பார்த்தார்கள். அந்தப் பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்திருந்தது. 2021இல் முடிவு வெளியானது. நம் பக்கத்திலேயே, புதுச்சேரியில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கொசு ஆய்வு மையமும் இப்படிப்பட்ட கொசுக்களை உருவாக்கி வைத்திருப்பதாக 2022இல் செய்தி வந்தது.

எதிர்ப்பக்கத்துக்கும் சரக்கு வேண்டும். விட்ட கொசுவும் கடிக்கத்தான் செய்யும். விடுகிற வாரங்களில் தெருவில் கொசு கூடத்தான் செய்யும். 1970களில் உலக சுகாதார நிறுவனமும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து டெல்லியில் நடத்திய கொசுக் கட்டுப்பாட்டு ஆய்வுப் பிரிவு ஒன்று, அதன் பின்னால் வேறு நோக்கம் இருக்கிறது என்ற சர்ச்சை நாடாளுமன்றம் வரை போனதால் 1975இல் மூடப்பட்டது. சந்தேகப்படுபவர் முட்டாள் இல்லை என்பதை வகுப்பு உணர இந்த ஒரு தகவல் போதும்.

இவ்வளவையும் நீங்களே விளக்கிவிடாதீர்கள், அங்கேதான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறோம். மூன்று துண்டுச் சீட்டுகளில் எளிய ஆங்கிலத்தில் பிரித்து எழுதுங்கள்: ஒன்றில் பாக்டீரியா வேலை செய்யும் விதம், ஒன்றில் யோக்யகர்த்தா கணக்கு, ஒன்றில் எதிர்ப்பும் பழைய வரலாறும். ஒன்பது பேரை மூன்று குழுவாக்கி, குழுவுக்கொரு சீட்டு. குழுவுக்குள் ஐந்து நிமிடம் தமிழில் பேசிப் புரிந்துகொள்ளட்டும். ஆமாம், தமிழில்தான். விஷயம் மண்டையில் ஏறாமல் வேற்று மொழியில் வாதாட முடியாது. பிறகு குழுக்களைக் கலைத்து, சீட்டுக்கு ஒருவர் வீதம் மூன்று மூன்று பேராக உட்கார வையுங்கள். இப்போது ஒவ்வொருவரிடமும் மற்ற இருவருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கேட்டே ஆக வேண்டும், சொல்லியே ஆக வேண்டும். எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகள் ஒருவரையொருவர் நம்பிப் படிக்க வேண்டும் என்பதற்காக உருவாக்கிய முறை இது. ஆங்கில வகுப்புக்காக யோசித்ததே இல்லை. ஆனாலும் நமக்குத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது.

அதற்கு மேல் நேரம் இருந்தால், ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம், அடுத்தவரிடம் 3 நிமிடம், மூன்றாமவரிடம் 2 நிமிடம் சொல்ல வையுங்கள். முதல் தடவை திக்கித் திணறியவர் மூன்றாவது தடவை கடகடவென்று சொல்வதைப் பார்க்கலாம். கடைசியில் கை தூக்கச் சொல்லி ஓட்டு எடுங்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்போது மொழிக்கு வருவோம். இந்த வகுப்பை நடத்தினால் ஒரு இடத்தில் எல்லோரும் இடறுவதைப் பார்ப்பீர்கள்: அந்த 77. ஒருவர் 'டெங்கு ரெட்யூஸ்டு டு செவன்ட்டி செவன் பர்சென்ட்' என்பார். இன்னொருவர் '77 பர்சென்ட் பீப்பிள் டிட் நாட் கெட் டெங்கு' என்பார். இரண்டும் தப்பு, இலக்கணத் தப்பு இல்லை, தகவல் தப்பு. 'டு' என்றால் நூறாக இருந்தது 77ஆகக் குறைந்தது. 'பை' என்றால் 77 குறைந்து 23 ஆனது. தமிழிலும் இதே வித்தியாசம் இருக்கிறது: '77 சதவீதம் குறைந்தது', '77 சதவீதமாகக் குறைந்தது'. அந்த 'ஆக' தான் ஆங்கிலத்தின் 'டு'. இதை இப்படித் தமிழில் காட்டினால் பத்து விநாடியில் புரிந்துவிடும். ஆங்கிலத்திலேயே விளக்கப் போனால் அரை மணி நேரம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நாம் தமிழில் செய்தி பேசும்போது நம்மை அறியாமல் ஒரு நுட்பம் செய்கிறோம். 'காபி குடித்தால் ஆயுள் கூடுமாம்' என்கிறோம். அந்த 'ஆம்' என்ன சொல்கிறது? இது நான் கண்டதில்லை, யாரோ சொன்னது, நான் பொறுப்பில்லை. ஒரே விகுதியில் அவ்வளவும் அடக்கம். அதே ஆள் ஆங்கிலத்தில் 'இஃப் வீ ட்ரிங்க் காபி, அவர் லைஃப் வில் இன்க்ரீஸ்' என்பார். 'ஆம்' காணாமல் போய்விட்டது. கேள்விப்பட்டது கல்வெட்டாகிவிட்டது. மேல்நிலை மாணவர்களின் அறிவியல் பேச்சு முரட்டுத்தனமாகத் தெரிவதற்குப் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அவர்கள் அப்படி நினைக்கவில்லை. அவர்களுக்கு 'ஆம்' போட ஆங்கிலத்தில் இடம் தெரியவில்லை.

இடங்களைக் கொடுங்கள். 'அப்பேரன்ட்லி' வாக்கியத்தின் தலையில் வரும். 'இஸ் செட் டு', 'இஸ் எக்ஸ்பெக்டட் டு', 'டென்ட் டு' நடுவில் வரும். 'எ ஸ்டடி சஜஸ்ட்ஸ் தட்' என்பதை மாணவர்கள் 'ஆய்வு பரிந்துரைக்கிறது' என்று புரிந்துகொள்வார்கள். இங்கே அதற்கு 'காட்டுவது போல் இருக்கிறது' என்று பொருள் என்று சொல்லிக்கொடுங்கள். 'சே' என்றால் வெறுமனே சொல்வது, 'க்ளெய்ம்' என்றால் சொல்கிறார்கள் ஆனால் எனக்குச் சந்தேகம், 'ப்ரூவ்' என்றால் கிட்டத்தட்ட எந்த ஒற்றை ஆய்வுக்கும் பயன்படுத்தக் கூடாத சொல். கிண்டல் 'ஆம்'கூட ஆங்கிலத்தில் உண்டு. 'இவர் பெரிய நிபுணராம்' என்பதை 'ஹீ இஸ் சப்போஸட்லி அன் எக்ஸ்பர்ட்' என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பு மறக்கவே மறக்காது.

'லாம்' இன்னொரு கண்ணி. 'கொசு பெருகலாம்', 'கொசுவை விடலாம்', 'சரி, போகலாம்' மூன்றிலும் ஒரே 'லாம்'. மூன்றுக்கும் நம் பிள்ளைகள் 'கேன்' போடுவார்கள். முதலாவதுக்கு 'மே' அல்லது 'மைட்', இரண்டாவதுக்கு 'வீ குட்' அல்லது 'இட் ஷுட் பீ அலவுட்', மூன்றாவதுக்கு 'லெட்ஸ்'. ஒரு வகுப்புக்கு இது ஒன்றே போதும். மற்ற வழக்கமான தப்புகளை, அதாவது 'டிஸ்கஸ் அபவுட்', 'அக்கார்டிங் டு மீ', 'ரிசர்ச்சஸ்' ஆகியவற்றை, பேசும்போது குறுக்கே விழுந்து திருத்தாதீர்கள். ஒரு தாளில் குறித்துவைத்து, கடைசிப் பத்து நிமிடத்தில் யார் சொன்னது என்று சொல்லாமல் ஐந்தாறு வாக்கியங்களைப் போர்டில் போட்டு அவர்களையே திருத்தச் சொல்லுங்கள்.

தலையங்கம் பற்றி. ஆங்கிலப் பேப்பர் தலையங்கம் படித்தால் இங்கிலீஷ் வரும் என்பது நம் ஊரில் தாத்தா காலத்து நம்பிக்கை. படிக்கப் பழக நல்லதுதான். ஆனால் உதவியில்லாமல் ஒரு பத்தியைப் புரிந்துகொள்ள அதில் 98 சதவீதச் சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லாராய்ச்சி செய்பவர்கள் சொல்கிறார்கள். அதாவது நூறு சொல்லுக்கு இரண்டுதான் தெரியாததாக இருக்கலாம். ஒரு தலையங்கப் பத்தியில் தெரியாத சொல்லுக்கெல்லாம் பென்சிலால் அடிக்கோடு போடச் சொல்லி எண்ணிப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். தவிர, தலையங்கம் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட எழுத்து. மாணவர் அதைத் திருப்பிச் சொல்வார், அவ்வளவுதான். அதே பேப்பரின் உள்பக்கத்து 150 சொல் செய்தி மேல். சாட்ஜிபிடி மாதிரி ஒன்றிடம் கொடுத்து எளிமையாக்கிக்கொள்ளலாம், ஆனால் எண்களை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பிரிண்ட் எடுங்கள். 'பை', 'டு' அங்கேயும் இடம் மாறலாம்.

அரசியல் செய்திகளை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். ஒரு தேர்தல் சமயத்தில் நான் துணிச்சலாக ஒரு விவாதம் வைத்தேன். ஆங்கிலம் அருமையாக வந்தது. அடுத்த வாரம் இரண்டு பேர் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. இப்போதெல்லாம் கட்சியை விட்டுவிட்டு முடிவை எடுக்கிறேன். பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றலாமா, பள்ளியில் செல்போனுக்குத் தடை வேண்டுமா, சாயப்பட்டறைக் கழிவுக்கு யார் பணம் கட்டுவது. கடைசிக் கேள்விக்கு உங்கள் ஊரில் வகுப்பு பற்றிக்கொள்ளும். மெர்ச்சண்டைசர்கள் ஒரு பக்கம் நிற்பார்கள், அமராவதிக் கரையில் வயல் உள்ள வீட்டுப் பிள்ளை யாராவது இருந்தால் இன்னொரு பக்கம். முதல் மாதமே அதை எடுக்காதீர்கள்.

அந்த நர்ஸம்மா. அவர்களைப் பேசச் சொல்லிக் கேட்டுவிட்டு எத்தனை விநாடி காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று விநாடி மௌனம் ஆசிரியருக்கு யுகம் மாதிரி இருக்கும், மனசுக்குள் எண்ணுங்கள். அந்த இரண்டு பையன்களையும் ஒரே குழுவில் போட்டுவிடுங்கள், அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நர்ஸம்மாவிடம் யோக்யகர்த்தா சீட்டைக் கொடுங்கள். டெங்கு வார்டைப் பார்த்தவர். வந்து படுத்தவர்களையும் ட்ரிப் ஏற்றியதையும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த 77 இல்லாமல் மற்ற இருவரும் ஓட்டுப் போட முடியாது, அதனால் அவரிடம் கேட்டே ஆவார்கள். அந்த நேரம் பார்த்து நீங்கள் போர்டைத் துடைக்கத் திரும்பிக்கொள்ளுங்கள்.