எம்.எஸ். இருப்பவருக்கு வலிப்பும் வருமா?

கேள்வி: டாக்டர் அம்மா, என் மனைவிக்கு 34 வயது. ஐந்து வருடமாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய். வைத்தியமெல்லாம் திருவனந்தபுரத்தில்தான். கால் இறுக்கத்துக்கு பாக்லோஃபென் சாப்பிடுகிறாள். இரண்டு மாதமாக வலது கை திடீர் திடீரென்று மடங்கி இழுத்துக்கொள்கிறது, அரை நிமிடம் வலியில் துடிக்கிறாள், ஆனால் நினைவு தப்புவதில்லை. போன மாதம் அடைமழையில் மாத்திரை தீர்ந்து மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் அடுப்படியில் விழுந்து, கை கால் வெட்டி இழுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அக்கா சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். ஆட்டோக்கார சேட்டன் "அபஸ்மாரமாணு", அதாவது வலிப்பு நோய்தான், என்றார். இனிமேல் வலிப்பு நோயும் சேர்ந்துவிட்டதா? என் அம்மா வேறு, யாரிடமும் சொல்லாதே என்கிறார்.
— வாசகர், புளியரை

பதில்: உங்கள் கடிதம் கிடைத்த அன்றே போனில் பேசிவிட்டேன், மாத்திரை விஷயம் இதழ் வரும்வரை காத்திருக்கக் கூடியது அல்ல. மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மூன்று நாள். பாக்லோஃபெனைத் தினமும் சாப்பிட்டு வந்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், இறுக்கமும் முன்பைவிட மோசமாகலாம். நிறுத்துவதென்றால் மருத்துவர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். விட்டுப்போய்விட்டது என்றாலும் நீங்களாகவே பழைய அளவில் தொடங்காமல், எவ்வளவில் தொடங்குவது என்று அன்றே கேட்டுவிடுங்கள். மருந்துக்காக மலை தாண்டிப் போக வேண்டிய ஊரில் இருப்பவர்கள் மழைக்காலத்தில் பத்து நாள் மாத்திரையாவது கூடுதலாக வாங்கி வைத்திருப்பது நல்லது, சீட்டின் நகலும் கையில் இருக்கட்டும்.

சரி, எம்.எஸ்.ஸே வலிப்பைக் கொண்டுவராதா என்றால், கொண்டுவரும். எம்.எஸ். இருப்பவர்களில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வலிப்பு வருகிறது, மற்றவர்களோடு ஒப்பிட்டால் இது சில மடங்கு அதிகம். நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை கெட்டுப்போகும் நோய் என்றுதான் இதைச் சொல்லிவருகிறோம், ஆனால் தழும்புகள் மூளையின் மேற்புறச் சாம்பல் பகுதியிலும் அதன் ஓரத்திலும் விழுகின்றன, வலிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. நோய் புதிதாகத் தலைதூக்கும் சமயத்திலும் வரலாம். அதனால் உங்கள் மனைவிக்கு மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இரண்டும் தேவை, ரத்தத்தில் சோடியமும் சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிறுவனத்தில் வலிப்புக்கென்றே தனி மையம் இருக்கிறது. காரணம் மாத்திரை நின்றதுதான் என்று தெரிந்தால் இந்த ஒரு தடவையை வைத்து வலிப்பு நோய் என்று முத்திரை குத்த மாட்டோம். நடை சீராக ஃபாம்ப்ரிடின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று சொல்லவில்லை, சாப்பிட்டால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், வலிப்பு வந்தவருக்கு அது கூடாது.

அந்தக் கை இழுப்பு வேறு சங்கதி என்றே நினைக்கிறேன். நினைவோடு இருக்கிறார், வலிக்கிறது, ஒரு நிமிடத்துக்குள் விட்டுவிடுகிறது, அப்புறம் அசதியோ குழப்பமோ இல்லை. எம்.எஸ்.ஸில் வரும் தசை இழுப்பு அப்படித்தான் இருக்கும், குறைந்த அளவு கார்பமசெபின் மாத்திரையிலேயே பலருக்கு அடங்கிவிடும். ஆனால் கடிதத்தைப் படித்து முடிவு செய்கிற விஷயம் இல்லை. அடுத்த தடவை வந்தால் செல்போனில் வீடியோ எடுங்கள், முகமும் கையும் சேர்ந்து தெரியட்டும். பத்து நிமிடம் வாயால் விளக்குவதைவிட அந்த அரை நிமிட வீடியோ மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

அக்கா பதறிப்போய்ச் செய்தது, அவரைக் குறை சொல்லாதீர்கள், ஆனால் சாவி எதையும் நிறுத்தாது. வலிப்பு தானாகவே அடங்குகிறது, கையில் இரும்பு இருந்ததால் அடங்கியது என்று நினைத்துக்கொள்கிறோம். அடுப்பை அணையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் தண்ணீரோ கரண்டியோ வேண்டாம், மணி பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன்பே மறுபடி வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். வலிப்பைக் காட்டிக் கல்யாணத்தை ரத்து செய்ய இந்து திருமணச் சட்டத்தில் இடம் இருந்தது, அந்த வார்த்தையை 1999-லேயே நீக்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்திருப்பது உங்கள் மனைவிக்குப் பாதுகாப்பு, நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் ஓடி வரப்போவது அந்த அக்காதானே.