கேள்வி–பதில்: கான்ஃபெடரேட் படைச் சட்டையின் நகலை வாங்கும் முன்

கேள்வி: நான் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வசிக்கிறேன். உடன் பணிபுரியும் நண்பர்கள் அழைத்ததால், 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரை மறுநடிப்புச் செய்யும் குழு ஒன்றில் சேரவிருக்கிறேன். குழு பெரும்பாலும் தென்மாநிலக் (கான்ஃபெடரேட்) காலாட்படையாக நிற்கும். படைச் சட்டை ஒன்று 110 டாலருக்கும், இன்னொன்று 340 டாலருக்கும் கிடைக்கிறது. இரண்டும் சாம்பல் நிறம். படத்தில் எனக்கு வேறுபாடே தெரியவில்லை. எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். முதலில் உங்கள் குழுத் தலைவரிடம், எந்த மாநிலத்து ரெஜிமென்ட், எந்த ஆண்டு, எந்தப் படை என்ற மூன்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘கான்ஃபெடரேட் சட்டை’ என்று பொதுவாக ஒன்று இருந்ததே இல்லை என்பதுதான் இந்தச் சந்தையில் புதியவர் பணத்தை இழப்பதற்கு முதற்காரணம். (ஜாக்கெட் என்றால் நம் வீடுகளில் ரவிக்கை என்று பொருள்படுவதால், இடுப்போடு நிற்கும் ‘ஷெல் ஜாக்கெட்’டை இங்கே சட்டை என்றே குறிப்பிடுகிறேன்.)

1861இல் வெளியான விதிமுறை இரட்டை வரிசைப் பொத்தான்கள் கொண்ட சாம்பல் நிற நீள் அங்கியைத்தான் வகுத்தது. சாதாரணச் சிப்பாய்களில் அதைக் கண்ணால் கண்டவர்களே குறைவு. போரின் தொடக்கத்தில் உடைக்கென்று அரசு பணம் கொடுத்துவிட, சிப்பாயும் அவனுடைய ஊரும் மாநிலமும் தத்தம் வசதிப்படி உடை தேடிக்கொண்டனர். 1862 அக்டோபரில் இந்த முறை சட்டப்படி கைவிடப்பட்டு, அரசின் உடைக் கிடங்குகளே நேரடியாக வழங்கும் முறை வந்தது. வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரக் கிடங்கு துணியை வெட்டிக் கட்டுக்கட்டாக நகரத்துப் பெண்களிடம் கொடுத்து வீட்டிலேயே தைத்து வாங்கியது. ஜார்ஜியாவின் கொலம்பஸ், அட்லாண்டா முதலிய ஊர்களிலும் அலபாமாவிலும் இயங்கிய கிடங்குகள் தத்தமக்கென வேறு வெட்டு, வேறு துணி வைத்திருந்தன. எஞ்சியிருக்கும் அசல் சட்டைகளை ஒப்பிட்டு லெஸ் ஜென்சன் என்ற ஆய்வாளர் 1989இல் வகைப்படுத்தினார். விற்பனையாளர்கள் இன்று சொல்லும் ‘ரிச்மண்ட் முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை’ என்ற பெயர்கள் அந்த ஆய்விலிருந்து வந்தவையே ஒழிய, அன்றைய சிப்பாய் அறிந்தவை அல்ல.

முதல் வகையில் காலரிலும் கைமுனையிலும் வண்ணக் கரை உண்டு. இரண்டாம் வகையில் கரை இல்லை. தோள்பட்டி உண்டு, இடுப்புவாரைத் தாங்கும் துணி வளையங்களும் உண்டு. போரின் பிற்பகுதிக்குரிய மூன்றாம் வகையில் தோள்பட்டி இல்லை. ஆகவே 1863 ஜூலையில் நடந்த கெட்டிஸ்பர்க் போரில் நிற்கும் வர்ஜீனியா வீரனுக்கு இரண்டாம் வகை பொருந்தும். அதே ஆண்டு செப்டம்பரில் ஜார்ஜியாவின் சிக்காமாகா போரில் நின்ற டென்னசி படையினனுக்கு அது பொருந்தாது. அவனுக்குக் கருநீலக் காலரும் கருநீலக் கைமுனையும் வைத்த கொலம்பஸ் சட்டையே நெருக்கமானது. வட கரோலினாவோ தன் படையினருக்குத் தானே உடை தைத்துக் கொடுத்த மாநிலம். அயர்லாந்தின் லிமரிக் நகரில் பீட்டர் டெய்ட் தொழிற்சாலையில் தைக்கப்பட்டு, வடமாநிலக் கடற்படையின் முற்றுகையைக் கடந்து வந்த சட்டை அழகானதுதான். ஆனால் அது போரின் கடைசி மாதங்களுக்குரியது. கெட்டிஸ்பர்க் நிகழ்ச்சிக்கு அதை அணிந்து சென்றால், அங்குள்ள பழம் தின்று கொட்டை போட்டவர்கள் நேரில் எதுவும் சொல்லமாட்டார்கள். பின்னால் ‘ஃபார்ப்’ என்பார்கள். காலத்துக்குப் பொருந்தாத உடையணிந்தவனை அந்த வட்டாரத்தில் அப்படித்தான் இளக்காரமாக அழைப்பது.

இனி விலைக்கு வருவோம். இரண்டு விற்பனையாளரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “எந்த அருங்காட்சியகத்தில் உள்ள எந்த அசல் சட்டையைப் பார்த்து இதை வெட்டினீர்கள்?” ஒழுங்கான தையற்காரர் இதற்கு உடனே பதில் சொல்வார், பெரும்பாலும் கேட்காமலேயே சொல்வார். பதில் வராத இடத்தில் நீங்கள் வாங்குவது நகல் அல்ல, நாடக உடை. மலிவான சட்டைகளில் பல இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மொத்தமாகத் தைக்கப்படுபவை. நம் தையற்காரர்களின் கைத்திறனில் அங்கே குறையில்லை; அவர்களிடம் கொடுக்கப்படும் வெட்டுப்படிவமும் துணியும்தான் குறை. இக்காலத்துக் கோட்டின் படிவத்தைக் குறுக்கி வெட்டியிருப்பார்கள். அதிக விலைச் சட்டையில் நீங்கள் பணம் கொடுப்பது மூன்றுக்கு: சரியான துணி, அசலிலிருந்து எடுத்த வெட்டு, கையால் எடுத்த காஜா. காஜாவை மட்டும் பெரிதாக்கிப் படம் அனுப்பச் சொல்லுங்கள். நூல் பிரியாமல் கையால் முடிச்சிட்டு எடுத்த காஜாவுக்கும், இயந்திரம் நெருக்கமாகக் குறுக்கே தைத்து நடுவில் கீறிவிட்ட காஜாவுக்கும் உள்ள வேறுபாடு தையல் அறியாதவருக்கும் தெரியும்.

முதல் ஆண்டு முழுவதும் குழுவில் இரவல் சட்டை கிடைக்குமானால் அதையே அணியுங்கள். பல குழுக்கள் புதியவருக்கென்று சில சட்டைகளை வைத்திருக்கும். கைப்பணத்தை முதலில் காலணிக்குச் செலவிடுங்கள். பொருந்தாத சட்டையோடு ஒரு நாள் முழுவதும் நடக்கலாம், பொருந்தாத காலணியோடு ஒரு மணி நேரம் நடப்பதே பெரும்பாடு.

கேள்வி: ‘ஜீன் துணி’ என்று போட்டு ஒருவர் விற்கிறார். அது நாம் அணியும் ஜீன்ஸ் துணியா? துணி சரியானதா என்று வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

பதில்: பெயர் உறவு உண்டு, பொருள் வேறு. அன்றைய ஜீன் என்பது பருத்திப் பாவும் கம்பளி ஊடையும் கொண்டு சாய்வரியாக நெய்யப்பட்ட துணி. ஊடை மேலே அதிகம் தெரியும்படி நெய்வதால் தொட்டால் கம்பளியாகத் தோன்றும்; உள்ளே பருத்தி. கம்பளி தட்டுப்பாடாகவும் பருத்தி ஏராளமாகவும் இருந்த தென்மாநிலங்களுக்கு இது இயல்பான சிக்கனம். இறக்குமதியான ஆங்கிலேயத் துணியோ முழுக் கம்பளி. நீலம் கலந்த சாம்பல் நிறம். உள்துணி பெரும்பாலும் வெளுக்காத முரட்டுப் பருத்தி, நம் காடாத் துணிக்கு நெருங்கிய இனம். பளபளக்கும் செயற்கைப் பட்டு உள்துணி வைத்த சட்டையைக் கண்டால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

ஆர்டர் கொடுக்கும் முன் உள்ளங்கை அளவு மாதிரித் துண்டு கேளுங்கள். சிறு தொகை வாங்கிக்கொண்டு அனுப்புவார்கள். அதன் ஓரத்திலிருந்து நீளவாட்டு நூல் ஒன்றையும் குறுக்குவாட்டு நூல் ஒன்றையும் தனித்தனியே உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் வைத்துள்ள பாத்திரத்தின் மேல் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு சுருண்டு, தீயை விலக்கியதும் தானே அணையும். மிஞ்சுவதை விரலால் நசுக்கினால் பொடியாகும். உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டி மணியாக இறுகினால் அது பாலியெஸ்டர். இதை வரலாற்றுப் பிழை என்று மட்டும் நினைக்காதீர்கள். முகாமில் திறந்த அடுப்புத் தீயும் களத்தில் கருமருந்துப் பொறியும் இருக்கும் இடத்தில், உருகும் துணி தோலில் ஒட்டிக்கொள்ளும்.

விற்பனையாளர் துணியின் உள்ளடக்கத்தைச் சொல்லத் தயங்கினால், அமெரிக்காவில் 1939ஆம் ஆண்டின் கம்பளிப் பொருள் சட்டம் இருப்பதை நினைவூட்டுங்கள். கம்பளி உள்ள ஆடையில் எந்த நார் எத்தனை விழுக்காடு, எந்த நாட்டில் செய்தது என்ற விவரங்கள் வாங்குபவர் கைக்கு வரும்வரை இணைந்திருக்க வேண்டும். ‘உள்ளே சீட்டு தைத்தால் பழமை கெட்டுவிடும்’ என்பது சாக்கு. கழற்றக்கூடிய சீட்டாகத் தொங்கவிட்டாலும் போதும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். லாக்வுட் மரச் சாயத்தை அன்னபேதி என்ற இரும்பு உப்போடு சேர்த்து ஏற்றிய சாம்பல் நிறம் வெயிலில் நிலைக்காது, மெல்லப் பழுப்பாகிவிடும். ‘பட்டர்நட்’ என்று பெயர் பெற்ற அந்தப் பழுப்பு நிறத்தில் ஒரு பங்கு இப்படிச் சாயம் வெளுத்ததால் வந்ததுதான். எனவே இயற்கைச் சாயத் துணியை வாங்கிவிட்டு, இரண்டு கோடைக்குப் பிறகு நிறம் மாறியதென்று புகார் எழுத வேண்டாம். அதற்காகத்தான் கூடுதல் விலை கொடுத்திருக்கிறீர்கள்.

கேள்வி: தனியாகத் தைத்துத் தருபவர் ஒருவருக்கு முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன். மூன்று மாதத்தில் வரும் என்றார். ஐந்து மாதம் ஆகிவிட்டது. கேட்டால், “கைவேலை, பொறுத்திருங்கள்” என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: கைவேலைக்கு நேரம் ஆகும் என்பது உண்மை. ஆனால் மூன்று மாதம் என்று சொன்னவர் அவர்தான். அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதிப்படி, அஞ்சல், இணையம், தொலைபேசி வழியாக ஆர்டர் பெறுபவர் தாம் சொன்ன காலத்துக்குள் பொருளை அனுப்ப வேண்டும். காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள். முடியாதென்றால், புதிய தேதியைத் தெரிவித்து, காத்திருக்கச் சம்மதமா அல்லது ஆர்டரை விலக்கிக்கொண்டு முழுப் பணத்தையும் திரும்பப் பெறுகிறீர்களா என்று அவரே உங்களைக் கேட்க வேண்டும். ஆகவே கோபமில்லாத ஒரு கடிதம் எழுதுங்கள்: ஆர்டர் கொடுத்த தேதி, செலுத்திய தொகை, அவர் சொன்ன காலம், இன்ன தேதிக்குள் சட்டையோ பணமோ வந்தாக வேண்டும் என்ற வரி. இவ்வளவே போதும்.

கடன் அட்டையில் செலுத்தியிருந்தால், பொருள் வரவில்லை என்று அட்டை வழங்கிய வங்கியிடம் எழுத்து மூலம் முறையிடலாம். சட்டப்படி அதற்கு 60 நாள் கெடு உண்டு. அந்தத் தொகை இடம்பெற்ற முதல் அட்டைக் கணக்குப் பட்டியல் அனுப்பப்பட்ட நாளிலிருந்து கணக்கு ஓடும். உங்கள் வழக்கில் அது கடந்திருக்கக்கூடும். பொருள் வர வேண்டிய தேதியிலிருந்து கணக்கிடும் வங்கிகளும் உண்டு என்பதால் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. காசோலையாகவோ, பேபால் செயலியில் ‘நண்பருக்கு அனுப்புதல்’ என்ற வழியிலோ கொடுத்திருந்தால் கைப்பிடி குறைவு. அந்த வழியில் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது. கட்டணம் மிச்சம் என்று விற்பவர் அந்த வழியைக் கேட்கும்போது, மிச்சப்படுவது அவருக்கு என்பதை மறக்கக் கூடாது. அடுத்த முறை பாதித் தொகையை மட்டும் முன்பணமாகக் கொடுங்கள்.

கேள்வி: சட்டையின் கைப்புறத்தில் தென்மாநிலப் போர்க்கொடியை வில்லையாகத் தைத்து ஒரு கடையில் விற்கிறார்கள். அதை வாங்கலாமா? வெளியில் அணிந்து போகலாமா?

பதில்: வாங்காதீர்கள். அன்றைய சிப்பாய் எவனும் சட்டையில் அந்தக் கொடியைத் தைத்துக்கொள்ளவில்லை. இது முழுக்கப் பிற்காலத்து வேலை. அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்துபோன ஓர் அரசின் கொடி அது. 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் கறுப்பினத்தவர் ஒன்பது பேரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்ற பிறகு, வால்மார்ட், அமேசான், ஈபே ஆகியவை அந்தக் கொடி தாங்கிய பொருள்களை விற்பனையிலிருந்து அகற்றின. சட்டையை நிகழ்ச்சித் திடலில் அணிவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வழியில் பெட்ரோல் போட இறங்கும்போது கழற்றிப் பின்னிருக்கையில் வைத்துவிடுவதைப் பல மூத்த உறுப்பினர்களே வழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள். தேசியப் பூங்காத் துறையின் போர்க்களங்களில் இரு தரப்பும் மோதிக்கொள்ளும் மறுநடிப்புக்கு அனுமதியே இல்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்; அங்கே முகாம் வாழ்க்கையை விளக்கிக் காட்டலாம், அவ்வளவுதான்.

கேள்வி: பழம்பொருள் விற்பனை ஒன்றில், ‘பாட்டனார் காலத்து அசல்’ என்று ஒரு சட்டையை 900 டாலருக்குத் தருகிறார்கள். நம்பலாமா?

பதில்: அசலாக இருந்தால் அந்த விலைக்கு வராது, சான்றுள்ள அசல் பல ஆயிரம் டாலருக்குப் போகும். நல்ல நகலை மண்ணில் புரட்டி, வெயிலில் காயப்போட்டு, முழங்கையைத் தேய்த்தால் பத்து ஆண்டில் நூறு வயது ஏறிவிடும். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டிப் பாருங்கள். தையல் நூல் பளீரென்று நீல வெண்மையில் ஒளிர்ந்தால், 20ஆம் நூற்றாண்டில் வந்த வெளுப்பூட்டும் வேதிப்பொருள் அதில் இருக்கிறது என்று பொருள். ஒளிராவிட்டால் அசல் என்று பொருளல்ல. பழைய கம்பளியிலிருந்து தைத்த போலியும் ஒளிராது. போலி நாணயத்தில் ‘நகல்’ என்று பொறிக்க வேண்டும் என்ற 1973ஆம் ஆண்டுச் சட்டம் நாணயங்களுக்கும் அரசியல் சின்னங்களுக்கும் மட்டுமே உரியது. படை உடையை அது தொடாது. ‘1865க்கு முந்தைய அசல், இல்லையெனில் பணம் திரும்பத் தரப்படும்’ என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் விடை கிடைத்துவிட்டது.

கேள்வி: பிரபலமான ஒருவரிடம் ரிச்மண்ட் இரண்டாம் வகைச் சட்டை வாங்கினேன். மார்பளவு சரி, ஆனால் இடுப்புக்கு மேலேயே நின்றுவிடுகிறது. கைக்குழி அக்குளைப் பிடிக்கிறது. அளவு தவறென்று திருப்பி அனுப்பலாமா?

பதில்: எந்தக் கால்சட்டையோடு போட்டுப் பார்த்தீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. இக்காலத்து ஜீன்ஸோடு என்றால் சட்டையைக் குறைசொல்ல முடியாது. அன்றைய கால்சட்டை தொப்புளுக்கு ஒட்டி நிற்கும், தோள்வாரில் தொங்கும். சட்டையின் விளிம்பு அதன் மேல்முனையைச் சற்றே மூடினால் போதும். கைக்குழி சிறிதாகவும் உயரமாகவும் இருப்பதும் அந்த வெட்டின் இயல்பே. துப்பாக்கியைத் தூக்கும்போது கை மட்டும் உயரும், சட்டை கூடவே ஏறாது. ஆகவே குழுவில் ஒருவரிடம் அக்காலக் கால்சட்டையும் உட்சட்டையும் இரவல் வாங்கி, அவற்றோடு வீட்டுக்குள்ளேயே அணிந்து, இரு கைகளையும் தோளுக்கு மேல் தூக்கிப் பாருங்கள். அதற்குள் சட்டையைத் துவைக்காதீர்கள், சீட்டையும் கழற்றாதீர்கள். கையைத் தூக்கும்போது வயிறு வெளியே தெரிந்தாலோ முதுகுத் தையல் இழுத்தாலோ, அளவெடுத்த தாளின் நகலையும் படத்தையும் இணைத்துத் திருப்பி அனுப்புங்கள். நீங்கள் கொடுத்த அளவுக்கென்றே தைத்தது என்றால், பணத்தைவிடத் திருத்தித் தருவதைக் கேட்பதே எளிதில் நடக்கும்.